லாரி டயரில் காய்கறித் தோட்டம்: எல்லைப்புற வீடுகளுக்கான வழிகாட்டி

வாளையாறு முதல் வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் வரை கேரளத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே சரக்கு லாரிகள் இரவும் பகலும் ஓடிக்கொண்டிருப்பதால், இச்சாலைகளின் ஓரத்துப் பஞ்சர் கடைகளில் பழைய டயருக்கு ஒருநாளும் பஞ்சம் வருவதில்லை. பட்டன், அதாவது சாலையில் படும் வரிப் பகுதி, முழுவதும் தேய்ந்து, ரீட்ரெட் செய்து புது ரப்பர் ஒட்டவும் தகுதியற்றுப்போன டயர்களைக் கடைக்காரர்கள் குறைந்த விலைக்கோ, தெரிந்தவர் என்றால் சும்மாவோ கொடுத்துவிடுகிறார்கள். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்திலுள்ள சித்தூர் வட்டத்தின் கிழக்குப் பகுதியில், குறிப்பாகக் கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி ஊராட்சிகளில், பாலக்காட்டின் மற்ற பகுதிகளை நோக்க மழை குறைவு. மண்ணும் பல இடங்களில் மழைக்காலத்தில் காலோடு ஒட்டிக்கொண்டு, வெயில் காலத்தில் விரல் நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் கரிசல். அத்தகைய நிலத்தில் வீட்டுத் தேவைக்கு நான்கு கத்தரிச் செடி வைப்பதற்காகக் கொத்திப் பண்படுத்தி மாய்வதைவிட, தரைக்கு மேல் ஏறத்தாழ ஓரடி உயரத்துக்கு நல்ல மண்கலவையை வட்டமாக நிறுத்திவைப்பது எளிது. டயர் அந்த வேலைக்கு மிகப் பொருத்தமானது.

ஆனால் டயரைத் தொட்டி என்று நினைத்துக்கொள்வதில்தான் பெரும்பாலான தொல்லைகள் தொடங்குகின்றன. வெட்டாத டயருக்குள் மண்ணைத் திணித்து வைத்தால் அதன் அடிக்குழிவில் நீர் தேங்கி வேர் அழுகும். மேற்குழிவில் மழைநீர் நின்று கொசு பெருகும். நடுத்துளையில் மட்டுமே செடிக்கு இடம் கிடைக்கும். இரண்டு பக்கச் சுவர்களையும் வெட்டி எடுத்துவிட்டு, எஞ்சும் வளையத்தை மண்தரைமீது வட்ட வரப்பைப் போலப் பதித்து வைப்பதே நான் பரிந்துரைக்கும் முறை. நீர் கீழே நிலத்துக்குள் இறங்கிவிடும். வேரும் விரும்பினால் டயரைத் தாண்டிக் கீழே போகலாம். இந்தக் குறிப்பில் உள்ள மற்ற செய்திகள் எல்லாம் இந்த ஒரு முடிவைச் சார்ந்தே அமைகின்றன.

எந்த டயரை எடுப்பது

வீட்டுத் தோட்டத்துக்கு மிகவும் வசதியானது 10.00-20 அளவுள்ள நைலான் லாரி டயர். அதன் வெளிவிட்டம் ஏறத்தாழ 105 சென்டிமீட்டர். அகலம் ஏறத்தாழ 28 சென்டிமீட்டர். பக்கச் சுவர்களை நீக்கிவிட்டுப் படுக்கவைத்தால் 200 லிட்டர் அளவுக்கு மண்கலவை பிடிக்கும். 12 அங்குல ரிம்முக்கான சிறிய கார் டயர், அதாவது 145/80 என்று தொடங்கும் அளவுடையது, படுக்கவைத்தால் 15 சென்டிமீட்டர் உயரம்கூட வராது. 28 லிட்டர் அளவுக்குத்தான் மண் கொள்ளும். ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு கார் டயர்களை அடுக்கினால் ஒரு கத்தரிச் செடிக்குப் போதுமான ஆழம் கிடைக்கும். ஸ்கூட்டர் டயரில் புதினா, கொத்தமல்லி ஆகியவற்றைத் தவிர வேறெதுவும் உருப்படியாக வளராது. டிராக்டரின் பின்சக்கர டயர் கிடைத்தால் விட்டுவிட வேண்டாம். அதை வெட்டுவதும் நகர்த்துவதும் கடினம் என்றாலும், ஒருமுறை இடத்தில் வைத்துவிட்டால் ஒரு சிறு பாத்திக்குச் சமம்.

டயரின் பக்கச் சுவரில் உள்ள எழுத்துகளைப் படிக்கக் கற்றுக்கொள்வது வீண் உழைப்பைத் தவிர்க்கும். 10.00 என்ற எண்ணுக்கும் 20 என்ற எண்ணுக்கும் இடையே சிறு கோடு இருந்தால் அது நைலான் டயர்; அந்த இடத்தில் ஆங்கில ஆர் எழுத்து இருந்தால் அது ரேடியல். லாரி, பஸ் ஆகியவற்றின் ரேடியல் டயர்களில் பக்கச் சுவருக்குள்ளும் எஃகுக் கம்பிகள் நெருக்கமாக ஓடுவதால் கத்தி இறங்காது. வெட்டு இயந்திரத்தால் வெட்டினாலும், வெட்டிய விளிம்பில் ஊசிபோல் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகள் கையையும் குழந்தைகளின் காலையும் கிழிக்கும். கார் ரேடியல்களில் எஃகு பட்டனுக்கு அடியில்தான் இருக்கும். பக்கச் சுவரில் துணியிழை மட்டுமே இருப்பதால் அவற்றை வெட்டலாம். ரப்பர் பொடிப்பொடியாக உதிர்கிற, வெடிப்புகள் வழியே உள்கம்பி வெளியே தெரிகிற, டீசலோ கிரீஸோ ஊறிப்போன, ஓரம் தீயில் கருகிய டயர்களை இலவசமாகக் கொடுத்தாலும் எடுக்கக் கூடாது. டயர் எந்த ஆண்டுடையது என்று அறிய, சுவரில் ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் தனியே உள்ள நான்கு இலக்கங்களைப் பார்க்க வேண்டும். 2316 என்றிருந்தால் அது 2016ஆம் ஆண்டின் 23ஆம் வாரத்தில் வார்க்கப்பட்டது.

வெட்டும் முறை

நைலான் லாரி டயரின் பக்கச் சுவர் தடிமனானது. மாட்டுக்குத் தண்ணீர் வைக்கும் தொட்டிகளையும் கூடைகளையும் பழைய டயரிலிருந்து செய்பவர்கள் பக்கத்தில் இருந்தால் அவர்களிடமே கூலி கொடுத்து வெட்டிக்கொள்வது நல்லது. அவர்களுக்கு அரைமணி நேர வேலையாக இருப்பது, பழக்கமில்லாதவருக்கு ஒரு பகல் முழுவதையும் தின்றுவிடும். தாமே செய்ய விரும்புபவர்கள் பின்வருமாறு செய்யலாம்.

டயரை முதலில் சோப்புத்தூளும் தேங்காய்நார் பிரஷும் கொண்டு உள்ளும் புறமும் தேய்த்துக் கழுவ வேண்டும். மண்ணெண்ணெய், பெட்ரோல் ஆகியவற்றால் துடைக்கக் கூடாது. அவை ரப்பருக்குள் ஊறி, பின்னர் மண்ணில்தான் வந்து சேரும். காய்ந்த டயரைப் படுக்கவைத்து, பட்டன் முடிந்து பக்கச் சுவர் தொடங்கும் தோள் விளிம்பிலிருந்து இரண்டு விரல் உள்ளே தள்ளிச் சாக்குக்கட்டியால் வட்டமாகக் கோடு போட வேண்டும். அக்கோட்டின்மேல் டிரில்லால் ஒரு துளை இட்டு, அதில் நீண்ட கூர்மையான கத்தியை நுழைத்து, அலகைச் சோப்புத் தண்ணீரில் அடிக்கடி நனைத்துக்கொண்டு, உடம்புக்கு எதிர்த்திசையில் இழுத்து இழுத்து அறுக்க வேண்டும். ஈரமில்லாத கத்தியை ரப்பர் கவ்விப் பிடித்துக்கொள்ளும். நனைந்த கத்தி வழுக்கிக்கொண்டு போகும். எதிர்ப்பக்கத்தில் ஒருவர் நின்று டயரின் உள்விளிம்பைக் காலால் மிதித்து வெட்டு வாயைத் திறந்து பிடித்தால் வேலை பாதியாகக் குறையும். ஜிக்ஸா என்ற சிறு மின்ரம்பம் வைத்திருப்பவர்கள் மெதுவான வேகத்தில் அதைப் பயன்படுத்தலாம். வெட்டு வட்டு சுழலும் கிரைண்டரை நான் பரிந்துரைக்கவில்லை. அதில் எழும் ரப்பர்ப் புகையும் தூளும் மூச்சுக்கும் ஆகாது, தோட்டத்து மண்ணுக்கும் ஆகாது.

ரிம்மைப் பிடித்திருக்கும் உள்விளிம்பில் எஃகுக் கம்பிக் கட்டு ஒன்று ஓடுகிறது. அதை எந்தக் கத்தியாலும் அறுக்க முடியாது; அறுக்கவும் தேவையில்லை. வெட்டி எடுக்கும் பக்கச் சுவரோடு அது முழுசாக வந்துவிடும். இரண்டு பக்கமும் இவ்வாறு எடுத்தபின் கையில் எஞ்சுவது, மேலும் கீழும் இரண்டு விரல் உதடு உள்ள ஒரு வளையம். அந்த உதடுகள்தான் வளையம் மண்ணின் பாரத்தில் கோணலாகாமல் காக்கின்றன. வெட்டி எடுத்த தட்டுகளை ஆக்கிரிக் கடைக்கு, அதாவது பழைய சாமான் கடைக்கு, கொடுத்துவிடலாம். மழைக்காலத்தில் பாத்திகளுக்கு இடையே சேற்றில் மிதித்து நடக்கப் போட்டுக்கொள்பவர்களும் உண்டு.

கொசு

ஒரு டயரையாவது வீட்டுக்குள் கொண்டுவருமுன் இதைப் படிக்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்களுக்குப் பழைய டயரைவிட விருப்பமான இடம் அரிது. ஆசியாவைச் சேர்ந்த ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற கொசு பழைய டயர் வணிகத்தின் வழியாகவே கண்டம் விட்டுக் கண்டம் பரவியது. 1985ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் அது நிலைகொண்டிருப்பது தெரியவந்தபோது, இறக்குமதியான பழைய டயர்கள்மீதே ஐயம் விழுந்தது. கேரளத்திலோ இந்தக் கொசு ரப்பர் தோட்டங்களில் மரத்தின் பாலைப் பிடிக்கும் சிரட்டைகளில்கூட வளர்கிறது.

இக்கொசுவின் முட்டைகள் நீருக்குள் மிதப்பதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே சுவரில் ஒட்டிக்கொண்டிருக்கும். நீர் வற்றினாலும் பல மாதம் உயிரோடு இருந்து, மறுபடி நீர் படும்போது பொரிக்கும். ஆகவே பஞ்சர் கடையிலிருந்து எடுத்துவந்த டயரைக் கவிழ்த்துத் தண்ணீரைக் கொட்டிவிட்டால் போதும் என்று இருந்துவிடக் கூடாது. முன்பு சொன்ன தேய்த்துக் கழுவும் வேலை அழுக்கு நீங்குவதற்காக மட்டுமன்று, இந்த முட்டைகள் போவதற்காகவும்தான். இங்குள்ள வெப்பத்தில் முட்டை பொரித்துக் கொசுவாகப் பறக்க 7 முதல் 10 நாள் போதும். வெட்டுவதற்கு நேரமில்லாமல் டயரை அடுக்கி வைப்பவர்கள் கூரைக்கு அடியில் வைக்க வேண்டும், அல்லது தார்ப்பாயால் முழுவதும் மூட வேண்டும். தார்ப்பாயின் மடிப்புகளிலும் நீர் நிற்கும் என்பதை மறக்கக் கூடாது. மண் நிரப்பிய வளையத்திலும் மேல் உதட்டுக்கு அடியில் வெற்றிடம் விடாமல் கையால் மண்ணை அழுத்தி நிரப்ப வேண்டும். மண் அமிழ்ந்து இறங்க இறங்க மேலே சேர்த்துக்கொண்டே வர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை தோறும் தேங்கிய நீரைக் கொட்டிவிடும் ‘டிரை டே’ கடைப்பிடிக்கும் வீடுகளில் டயர்களையும் அந்தச் சுற்றுப்பார்வையில் சேர்த்துக்கொள்ளலாம்.

ரப்பரிலிருந்து மண்ணுக்கு என்ன வரும்

டயரில் வளர்ந்த காயை உண்ணலாமா என்ற கேள்வி நியாயமானது. ஆம் என்றோ இல்லை என்றோ ஒரே சொல்லில் விடை சொல்பவர்களை நான் நம்புவதில்லை. டயர் இயற்கை ரப்பர், செயற்கை ரப்பர், கரித்தூள், எண்ணெய்கள், கந்தகம், துத்தநாக ஆக்சைடு, வெயிலிலும் காற்றிலும் ரப்பர் கெடாமல் தடுக்கும் வேதிப்பொருள்கள் எனப் பலவும் சேர்ந்த கலவை. எடையில் 1 முதல் 2 விழுக்காடு வரை துத்தநாக ஆக்சைடு உள்ளது. 50 கிலோ எடையுள்ள லாரி டயர் என்றால் அரைக்கிலோவுக்குக் குறையாது. எண்ணெய்களில் உள்ள பலவளைய ஹைட்ரோகார்பன்களில் சில புற்றுநோயைத் தூண்டக்கூடியவை என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் 2010ஆம் ஆண்டிலிருந்து அவற்றின் அளவைக் கட்டுப்படுத்தியுள்ளது.

இவை மண்ணில் எவ்வளவு கரைந்து வரும் என்பது இரண்டு காரணங்களைப் பொறுத்தது. முதலாவது, ரப்பரின் பரப்பு. முழு டயரிலிருந்து வருவது குறைவு. பொடித்த ரப்பரிலிருந்து வருவது மிக அதிகம். அதனால்தான் உதிர்கிற டயரைத் தவிர்க்கச் சொன்னேன். டயர்த் தூளை மூடாக்காகப் பரப்பும் வழக்கத்தையும் காய்கறிப் பாத்தியில் பின்பற்றக் கூடாது. இரண்டாவது, மண்ணின் புளிப்பு. புளிப்பு மண்ணில் துத்தநாகம் எளிதில் கரையும். காரத்தன்மையுள்ள மண்ணில் கரைவது குறையும். பாலக்காட்டின் மேற்குப் பகுதியிலுள்ள வெட்டுக்கல் கலந்த செம்மண் புளிப்புடையது. அங்கே மண்கலவையில் நீற்றுச் சுண்ணாம்பு சேர்ப்பது கட்டாயம். கிழக்கேயுள்ள கரிசலுக்குச் சுண்ணாம்பு வேண்டாம்.

துத்தநாகம் செடிக்கும் மனிதருக்கும் சிறிதளவில் தேவையான சத்துதான். மிகும்போது முதலில் துன்பப்படுவது செடி. இளந்தளிர்கள் நரம்பு பச்சையாக இருக்க, இடையே வெளிறி மஞ்சளாகும். பார்ப்பதற்கு இரும்புச்சத்துக் குறைபாட்டைப் போலவே இருக்கும். இதைக் கண்டு துத்தநாக சல்பேட்டோ, துத்தநாகம் சேர்ந்த நுண்ணூட்டக் கலவையோ வாங்கித் தெளிப்பவர்கள் நிலைமையை மேலும் கெடுத்துக்கொள்கிறார்கள். டயர்ப் பாத்தியில் துத்தநாகம் உள்ள எந்த உரத்தையும் போடாமல் இருப்பதே நல்லது.

நடைமுறையில் மூன்று முன்னெச்சரிக்கைகளைச் சொல்வேன். வளையத்தின் உட்சுவரை ஒட்டிக் கனமான பாலித்தீன் விரிப்பைச் சுற்றிக் கட்ட வேண்டும். அடிப்பகுதியை மூடக் கூடாது. கலவையில் மக்கிய தொழுவுரம் தாராளமாக இருக்க வேண்டும்; மக்கு, உலோகங்களைப் பிடித்துவைத்துக்கொள்ளும். காய் காய்க்கும் பயிர்களையே நட வேண்டும். உலோகங்கள் இலையிலும் வேரிலும் சேர்கிற அளவுக்குக் காயில் சேர்வதில்லை என்பதால், கீரை, முள்ளங்கி, கேரட், சேம்பு ஆகியவற்றை டயரில் வைப்பதைத் தவிர்த்து, அவற்றுக்குத் தரையிலோ க்ரோ பேக்கிலோ இடம் ஒதுக்கலாம். முன்பு சொன்ன புதினாவும் கொத்தமல்லியும் சமையலில் கிள்ளிப் போடுபவை. ஆயினும் கைக்குழந்தை உள்ள வீட்டில் அவற்றையும் தொட்டியில் வளர்ப்பதே என் தேர்வாக இருக்கும். மீன் வளர்க்கும் குட்டையின் கரையில் டயர் வைப்பதும் வேண்டாம். டயர் ரப்பரில் சேர்க்கப்படும் ஒரு காப்புப் பொருள் காற்றுப்பட்டு மாறி, சாலை மழைநீரோடு ஓடைகளில் கலந்து ஒருவகைச் சால்மன் மீன்களைக் கொன்றுவந்ததை அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஆய்வாளர்கள் 2020ஆம் ஆண்டில் கண்டறிந்தனர்.

இடமும் கலவையும்

நாள்தோறும் ஆறு மணி நேரமாவது வெயில் படும் மண்தரையே தகுந்த இடம். தென்னைக்கு நேர் அடியில் வைத்தால் மட்டையும் தேங்காயும் விழும். அதைவிட, தென்னையின் வேர் கீழிருந்து ஏறி வந்து ஒரே ஆண்டில் டயருக்குள் வலைபோல் பின்னிக்கொள்ளும். மரத்திலிருந்து மூன்று மீட்டராவது தள்ளி வைக்க வேண்டும். வைக்கும் இடத்தைக் கடப்பாரையால் ஒரு சாண் ஆழத்துக்குக் குத்தி இளக்கி, கோரைக்கிழங்கு இருந்தால் பொறுக்கி எடுத்துவிட்டு, அதன்மேல் வளையத்தை மட்டமாக அமர்த்த வேண்டும்.

மொட்டை மாடிக்கு லாரி டயர் ஏற்றதன்று. நனைந்த மண்ணோடு அது 300 கிலோவை நெருங்கும். மாடித் தளங்களோ பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ என்ற அளவிலான பாரத்தை மனத்தில் கொண்டே வடிவமைக்கப்படுகின்றன. மாடியில் வைத்துத்தான் தீர வேண்டும் என்றால் கார் டயர்களைச் சுவரின் மேலாகவோ தூணின் மேலாகவோ வரும் ஓரங்களில் வைத்து, அடிச்சுவரை வெட்டாமல் அதன் தாழ்ந்த பகுதியில் எட்டுப் பத்துத் துளைகள் இட்டு, இரண்டு செங்கல்களின் மேல் உயர்த்தி வைக்கலாம்.

கலவைக்கு மேல்மண் ஒரு பங்கு, மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, மக்கவைத்த தென்னைநார்க் கழிவு ஒரு பங்கு. பொள்ளாச்சிப் பக்கத்துக் கயிற்று ஆலைகளில் தென்னைநார்த் தூள் மலையாகக் குவிந்து கிடக்கும்; அதை அப்படியே அள்ளிவந்து போட்டால் அது மக்குவதற்காக மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ள, செடி மஞ்சளடித்து நிற்கும். மக்கிக் கறுத்ததை மட்டுமே சேர்க்க வேண்டும். கரிசல் மண்ணைப் பயன்படுத்துபவர்கள் மண்ணின் பங்கைக் குறைத்து, ஆற்று மணலையோ எம்-சாண்டையோ கொஞ்சம் சேர்த்தால் இறுக்கம் குறையும். ஒரு லாரி டயருக்கு வேப்பம் புண்ணாக்கு 250 கிராம், எலும்புத்தூள் 250 கிராம் என்ற அளவு போதும். புளிப்பு மண்ணாக இருந்தால் நீற்றுச் சுண்ணாம்பு 200 கிராம் கலந்து, லேசாக நனைத்து, இரண்டு வாரம் ஆறவிட்ட பிறகே மற்றவற்றைச் சேர்க்க வேண்டும். சுண்ணாம்பையும் தொழுவுரத்தையும் ஒரே நாளில் கலந்தால் தழைச்சத்து அம்மோனியாவாக ஆவியாகிப் போகும்; மூக்கே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

வெயிலும் காற்றும்

பாலக்காட்டுக் கணவாயின் வாயில் இருப்பவர்களுக்கு இந்த இரண்டும்தான் உண்மையான சோதனை. மார்ச், ஏப்ரல் மாதங்களில் வெப்பம் 40 பாகை செல்சியசைத் தொட்டுத் தாண்டும் நாள்கள் உண்டு. கறுப்பு ரப்பர் அந்த வெயிலைக் குடித்து, மேற்குப் பக்கத்து உட்சுவரை ஒட்டிய வேர்களை வேகவைத்துவிடும். பிற்பகல் மூன்று மணிக்கு டயரின் மேற்குப் புறத்தில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் சில நொடிகூடத் தாங்காது. வெளிச்சுவருக்கு வெள்ளை எமல்ஷன் பெயிண்ட் இரண்டு கை அடிப்பது சிறந்த தீர்வு. வெறும் சுண்ணாம்பு ரப்பரில் நிற்காமல் முதல் மழையிலேயே வழிந்துவிடும். பெயிண்டுக்குச் செலவு செய்ய மனமில்லாதவர்கள் மேற்கிலும் தெற்கிலும் டயரைச் சுற்றி மண்ணை அணைத்துவிடலாம், அல்லது தென்னை ஓலையைச் சார்த்திவைக்கலாம். மண்ணின் மேற்பரப்பில் வைக்கோலோ சருகோ நான்கு விரல் கனத்துக்கு எப்போதும் கிடக்க வேண்டும்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கணவாய் வழியே மேற்கிலிருந்து வீசும் காற்று, ஆள் உயரத்துக்குமேல் உள்ள எதையும் சாய்த்துவிடும். டிசம்பர், ஜனவரியில் கிழக்கிலிருந்து வரும் வறண்ட காற்றோ சாய்ப்பதோடு நில்லாமல் இலையின் ஈரத்தையும் உறிஞ்சிக்கொண்டு போகும். ஓரடி உயர டயர் வளையம் இளநாற்றுகளுக்கு ஒரு மறைப்பாக இருப்பது இங்கே எதிர்பாராத நன்மை. நாற்று நடும்போது, உதட்டுக்கு அடியை மண்ணால் நிரப்பிவிட்டு, நடுவில் மட்டும் மண்மட்டம் டயரின் விளிம்புக்கு நான்கு விரல் கீழே இருக்கும்படி விட்டு, செடி வளர்ந்தபின் தொழுவுரத்தைக் கொண்டு அணைத்து நிரப்பினால் அந்த மறைப்பு முழுப் பயனைத் தரும். தாங்கு குச்சிகளை டயருக்குள் இருக்கும் இளகிய கலவையில் ஊன்றக் கூடாது. காற்றில் குச்சியும் செடியும் சேர்ந்தே சாயும். டயருக்கு வெளியே கெட்டித் தரையில் மூன்று மூங்கில்களை ஊன்றி, மேலே ஒன்றாகக் கட்டினால் எந்தக் காற்றுக்கும் நிற்கும். பாகலுக்கும் புடலுக்கும் பந்தல் போடுபவர்கள் அதை இடுப்பளவுக்குமேல் உயர்த்தாமல், டயருக்குக் கிழக்கே படரும்படி அமைப்பது நல்லது.

என்ன நடுவது, எப்போது நடுவது

ஒரு லாரி டயரில் கத்தரி என்றால் 3 செடி, தக்காளி 3 அல்லது 4, மிளகாய் 5, வெண்டை 6, நீளப்பயறு 6 முதல் 8, பாகல் அல்லது புடல் 2 கொடி. இடம் காலியாகத் தெரிகிறதே என்று கூடுதலாக நடுவதே பலரும் செய்வது. பின்னர் ஒன்றும் சரியாகக் காய்க்கவில்லை என்று டயரைக் குறைசொல்வார்கள்.

பாலக்காட்டின் புளிப்பு மண்ணில் தக்காளி, கத்தரி, மிளகாய் ஆகிய மூன்றையும் பாக்டீரியா வாடல் நோய் தாக்கும். காலையில் பச்சையாக நிற்கும் செடி மாலையில் துவண்டுவிடும். அந்நோய்க்குத் தாங்குதிறன் உள்ள இரகங்களைக் கேரள வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்டுள்ளது: தக்காளியில் சக்தி, அனகா, கத்தரியில் சூர்யா, மிளகாயில் உஜ்ஜ்வலா. வெண்டைக்கு, மஞ்சள் நரம்பு நோயைத் தாங்கும் அர்கா அனாமிகா ஏற்றது. எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்குக் கோவையிலுள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் விதைகளும் மண் பரிசோதனையும் பக்கத்திலேயே கிடைக்கின்றன.

இப்பகுதியில் காய்கறிக்கு விலை ஏறுவது ஓணத்தை ஒட்டித்தான். ஆடி, ஆவணியில் வேலந்தாவளம் சந்தையிலிருந்தும் பொள்ளாச்சியிலிருந்தும் வண்டிகள் மேற்கே போகும் வேகத்தைப் பார்ப்பவர்களுக்கு இது தெரியும். அந்த நேரத்தில் பயறும் பாகலும் வீட்டிலேயே பறிக்க வேண்டுமானால் ஜூன் முதல் இரு வாரங்களில் விதை ஊன்றிவிட வேண்டும்; பாகல் காய்ப்புக்கு வர இரண்டு மாதம் ஆகும். கேரளத்தின் கிருஷி பவன்கள் என்ற வேளாண்மை அலுவலகங்கள் ‘ஓணத்துக்கு ஒரு முறம் பச்சைக்கறி’ திட்டத்தின்கீழ் விதைப் பொட்டலங்களும் நாற்றுகளும் தருகின்றன. தக்காளி, மிளகாய், கத்தரி ஆகியவற்றுக்குச் செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபர் வரை நாற்று நடுவதே சிறந்தது. மழையின் வேகம் தணிந்து, பனி நாள்களில் பூத்துக் காய்க்கும். பிப்ரவரியில் வெண்டையும் கொத்தவரையும் ஊன்றினால் கோடையைத் தாங்கும். ஏப்ரல், மே மாதங்களில் டயரைச் சும்மா விடுவது தவறில்லை. மண்ணை நனைத்து, தெளிந்த பாலித்தீன் தாளால் இறுக மூடி ஒரு மாதம் வெயிலில் வேகவிட்டால் நோய்க்கிருமிகளும் களைவிதைகளும் பெருமளவு அழியும். வெயிலால் கிடைக்கும் ஒரே இலவச உதவி அதுதான்.

பராமரிப்பு

கோடையில் ஒரு லாரி டயருக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 லிட்டர் நீர் தேவைப்படும். காலையில் பாதியும் மாலையில் பாதியுமாக ஊற்றலாம். மூடாக்கை விலக்கி ஒரு விரலை இரண்டாம் கணு வரை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டுப்பட்டால் அன்று ஊற்ற வேண்டாம். கிழக்குப் பகுதியின் போர்வெல் நீரில் உப்பு மிகுதி. சில மாதத்தில் மண்மேல் வெள்ளைப் பொருக்கு படியும். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு, முதல் நல்ல மழையில் டயரைத் திறந்தே விட்டால் உப்பு கீழே கரைந்து இறங்கும். அடிச்சுவரை வெட்டி எடுத்ததன் பயன் அப்போது தெரியும்.

பதினைந்து நாளுக்கு ஒருமுறை சாணக் கரைசலோ, மீனையும் வெல்லத்தையும் ஊறவைத்து எடுத்த மீன் அமிலத்தை நீர்த்தோ ஊற்றினால் ஊட்டத்துக்குக் குறைவில்லை. வெள்ளை ஈ, அசுவினி ஆகியவற்றுக்கு ஒரு லிட்டர் நீரில் 20 மில்லி வேப்பெண்ணெய், அரைத்து வடித்த 20 கிராம் பூண்டு, 5 கிராம் சோப்பு கலந்து, இலையின் அடிப்புறம் நனையும்படி மாலையில் தெளிக்க வேண்டும். நாற்றின் வேரை நடுமுன் சூடோமோனாஸ் என்ற நன்மை செய்யும் பாக்டீரியாவின் கரைசலில், லிட்டருக்கு 20 கிராம் என்ற அளவில், அரைமணி நேரம் நனைப்பது வாடல் நோய்க்கு எதிராக நல்ல காப்பு. மயிலுக்கு மட்டும் மருந்தில்லை. பழுக்கும் தக்காளியையும் முளைக்கும் பயற்றையும் அவை விட்டுவைப்பதில்லை. டயரின் வட்டத்துக்கு அளவாக மீன்வலையை மூங்கில் வளைவுகளின்மேல் போர்த்துவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. டயருக்குப் பக்கத்தில் கையை விடுமுன் ஒரு குச்சியால் தட்டிப் பார்ப்பதும் நல்ல பழக்கம். குளிர்ச்சியைத் தேடி உதட்டுக்கு அடியில் தேள் ஒதுங்கும்.

ஒவ்வொரு பயிர் முடிந்ததும் மண்ணைக் கிளறி, இரண்டு கூடை தொழுவுரம் சேர்த்து, முன்பு கத்தரிக் குடும்பம் நின்ற டயரில் அடுத்து பயறோ வெண்டையோ போட வேண்டும். அப்போதே டயரின் உட்சுவரையும் பாலித்தீன் விரிப்பையும் பார்த்துக்கொள்ளலாம். விரிப்பு கிழிந்திருந்தால் மாற்ற வேண்டும். விரலால் தேய்த்தால் ரப்பர் கரியாக ஒட்டிக்கொண்டு வருகிற நிலைக்கு வந்துவிட்ட டயர் தன் காலத்தை முடித்துக்கொண்டது என்று பொருள். மண்ணை எடுத்துவிட்டு டயரைத் தோட்டத்திலிருந்து அகற்றிவிட வேண்டும். அதை வேலி ஓரத்தில் போட்டால் கொசு வரும், எரித்தால் நச்சுப்புகை வரும். 2022ஆம் ஆண்டு ஜூலையில் வந்த மத்திய அரசு விதிகளின்படி, கழிவு டயர்களை மறுசுழற்சி செய்விக்கும் பொறுப்பு டயர் உற்பத்தியாளர்களுடையது. அதனால் ஆக்கிரிக் கடைக்காரர்கள் வழியாக மறுசுழற்சி ஆலைக்குச் செல்லும்படி கொடுத்துவிடுவதே முறை. கொடுக்கும்போது ஒட்டியிருக்கும் மண்ணைக் கழுவிக் கொடுத்தால் வாங்க மறுக்கமாட்டார்கள்.